ரிமோட் சாவி வேலை செய்யவில்லையா? புரோகிராமிங் செலவுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கார் ரிமோட் சாவி படுத்துவிட்டால் முதலில் காதில் விழுவது "புரோகிராமிங் போயிடுச்சு சார்" என்பதுதான். அடுத்த வரி "புது சாவி போட்டுக்கலாம்". அதற்குள் சில ஆயிரம் ரூபாய்க்கு நாம் மனதளவில் தயாராகிவிடுவோம். ஆனால் புரோகிராமிங், அதாவது இந்தச் சாவி இந்தக் காருடையது என்ற பதிவு, அவ்வளவு சுலபத்தில் போகிற விஷயம் இல்லை. செல் தீர்ந்திருக்கும், பட்டனுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் தேய்ந்திருக்கும், சோல்டர் (ஈயப் பற்றவைப்பு) விட்டிருக்கும், இல்லையென்றால் காரின் பெரிய பேட்டரியே இறங்கியிருக்கும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். எது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பிறகு யாரிடம் போவது, எதற்குக் காசு கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: ஒரு சாவிக்குள் பல சாவிகள்

கையில் இருப்பது ஒரே சாவி போலத் தெரிந்தாலும் உள்ளே தனித்தனி வேலை செய்யும் பகுதிகள் இருக்கின்றன. ஒன்று இரும்புச் சாவி. இரண்டாவது ரிமோட், அதாவது பட்டனை அழுத்தினால் ரேடியோ அலை அனுப்பும் சர்க்யூட். இந்தியாவில் ஓடும் கார்களில் இது பொதுவாக 433.92 மெகாஹெர்ட்ஸ். செல் வேண்டியது இந்தப் பகுதிக்குத்தான். மூன்றாவது இம்மொபிலைசர் சிப். இது நம் சாவிதான் என்று இந்தச் சிப் மூலம் தெரிந்தால்தான் கார் இன்ஜினை ஓடவிடும். சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்பும்போது, துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயிலிலிருந்து வரும் குறைந்த அதிர்வெண் அலையே (பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்) இந்தச் சிப்புக்கு மின்சாரமும் கொடுக்கிறது. செல்லே இல்லாவிட்டாலும் அது பதில் சொல்லும்.

இது தெரிந்துவிட்டால் பாதி நோயறிதல் முடிந்தது.

கதவு ரிமோட்டில் திறக்கவில்லை, ஆனால் சாவியைப் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால் கோளாறு ரிமோட் பகுதியில்தான். மாறாக, கதவு நன்றாகத் திறக்கிறது, செல்ஃபும் அடிக்கிறது, ஆனால் வண்டி எடுக்கவில்லை, அல்லது எடுத்து ஓரிரு நொடியில் அணைந்துவிடுகிறது, டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால் விவகாரம் சிப் பக்கம். அப்போது செல்லை மாற்றி ஒரு பயனும் இல்லை. இரண்டுமே செத்துக் கிடந்தால் சாவியை விட்டுவிட்டு காரின் பேட்டரியைப் பாருங்கள்.

புஷ் பட்டன் ஸ்டார்ட் உள்ள கார்களின் ஸ்மார்ட் கீயில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. கார் அனுப்பும் 125 கிலோஹெர்ட்ஸ் அழைப்பைக் கேட்டு 433-ல் பதில் அனுப்ப வேண்டும். எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருப்பதால் இதில் செல் சீக்கிரம் தீரும்.

நடு ரோட்டில் நிற்பவர்களுக்கு

ஸ்மார்ட் கீயின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும். ஓட்டுநர் பக்கக் கதவில் துவாரம் தெரியவில்லையா? சில கார்களில் கைப்பிடி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் மறைத்திருப்பார்கள். இரும்புச் சாவியால் திறந்ததும் அலாரம் அலறலாம். பதற வேண்டாம், வண்டியை ஸ்டார்ட் செய்தால் நின்றுவிடும்.

ஸ்டார்ட் செய்ய, பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் வையுங்கள். ஹூண்டாய், கியா கார்களில் சாவியாலேயே பட்டனை அழுத்தலாம். டொயோட்டாவில் சின்னம் உள்ள பக்கத்தைப் பட்டனில் தொடவைத்தால் ஒரு சத்தம் வரும், உடனே பட்டனை அழுத்த வேண்டும். வேறு சில கம்பெனிகள் கன்சோலில் ஒரு பொந்தோ, ஸ்டியரிங் தண்டின் ஓரத்தில் ஓர் அடையாளமோ வைத்திருப்பார்கள். டாஷ்போர்டு டிராயரில் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலைத் திறந்துபார்க்க இதைவிட நல்ல நேரம் வராது.

படி 1: கோளாறு சாவியிலா, காரிலா?

வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து வாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் கார்தான். ஹாரன் அடித்துப் பாருங்கள், ஹெட்லைட் மங்குகிறதா பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் கார் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். வண்டி நின்று சில மணி நேரம் ஆன நிலையில் 12.4 முதல் 12.6 வோல்ட் காட்டினால் நலம். 12-க்குக் கீழே என்றால் பேட்டரி காலி. பேட்டரி சரியாக இருந்தும் சென்டர் லாக் சுவிட்சை உள்ளிருந்து அழுத்தினால் கதவுகள் பூட்டவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது லாக் மோட்டாரைப் பார்க்க வேண்டும். ரிமோட்டைத் திட்டிப் பயனில்லை.

இரண்டு சாவிகளும் ஓர் இடத்தில் மட்டும் வேலை செய்யாமல், வேறு இடத்தில் வேலை செய்கின்றன என்றால் அது அலைவரிசைச் சிக்கல். செல்போன் கோபுரத்தின் அருகே, சில மால்களின் பேஸ்மென்ட்டில், அதே 433 அலைவரிசையில் ஓடும் ரிமோட் கேட்டுகளுக்கு முன்னால் இப்படி நடக்கும். வண்டியைத் தள்ளி நிறுத்தியதும் சரியாகிவிடும். ஸ்மார்ட் கீயை செல்போனோடு ஒரே பாக்கெட்டில் வைத்தாலும், வயர்லெஸ் சார்ஜர் மேல் போட்டாலும் "சாவியைக் காணோம்" என்று கார் சொல்லும்.

சாவி துவாரத்தில் இருந்தாலோ, ஸ்மார்ட் கீ காருக்குள் கிடந்தாலோ, ஏதாவது ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தாலோ பல கார்கள் ரிமோட்டின் பூட்டும் கட்டளையைக் கண்டுகொள்ளாது. அது கோளாறில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பழைய கார் வாங்கியவர்கள் கவனிக்க: பேஸ் மாடலில் வெளியே கடையில் போட்ட சென்டர் லாக்காக இருந்தால் அந்த ரிமோட்டுக்கும் கார் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை. சர்வீஸ் சென்டரில் கைவிரிப்பார்கள். இந்த வகை அலாரங்களில் வேலே சுவிட்ச் என்று ஒன்றை டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள். அது தவறுதலாக ஆன் ஆகிவிட்டால் அலாரம் விடுப்பில் போய்விடும்.

படி 2: செல்

மிக அதிகமாகப் புழங்கும் செல் சிஆர்2032. எண்ணிலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. சிஆர்2025 அதே வட்டம், தடிமன் 2.5. சிறிய சாவிகளில் சிஆர்1620, சிஆர்1616 வரும். பழைய செல்லின் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். 2032 இடத்தில் 2025 போட்டு, அடியில் சிகரெட் அட்டைக் காகிதத்தை மடித்துச் செருகித் தருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரம் ஓடும், அப்புறம் குழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம் சாவி தூங்கும்.

திறப்பதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஓரத்தைக் கடித்துவிடும். இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருகினால் "டக்" என்று பிளக்கும். செல்லை எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். பிளஸ் பக்கம் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று பிறகு நினைவுக்கு வராது. சாவிக்குச் சாவி அது மாறும்.

புது செல் 3 வோல்ட்டுக்கு மேல், 3.2 அளவில் காட்டும். 2.8-க்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்றிவிடுங்கள். ஆனால் செல்லைத் தனியாக வெளியே எடுத்து அளந்தால் ஏமாற்றும். சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டும் கிழட்டு செல், பட்டனை அழுத்திய நொடியில் சரிந்துவிடும். முடிந்தால் சாவிக்குள் இருக்கும்போதே மீட்டர் முனைகளை வைத்து, பட்டனை அழுத்திக்கொண்டு பாருங்கள். சாவியில் சிவப்பு எல்இடி மின்னுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். செல்லில் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, அலை வெளியே போகிறது என்பதற்கு இல்லை. டிவி ரிமோட்டைப் போல போன் கேமராவில் பார்த்துச் சோதிப்பதும் இங்கே நடக்காது. அது அகச்சிவப்பு ஒளி, இது ரேடியோ.

புது செல் போட்டும் வேலை செய்யவில்லையா? செல்லைத் தொடும் தகட்டு நாக்குகள் அமுங்கியிருக்கலாம். குண்டூசி முனையால் லேசாக மேலே தூக்கிவிடுங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்களும் வருகின்றன. அந்தப் பூச்சு சில சாவிகளில் தகட்டோடு தொடர்பைக் கெடுக்கும். வேறு பிராண்டு செல் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் குழந்தைகள் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 20 மில்லிமீட்டர் செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். தீர்ந்த செல்லும் இதில் அடக்கம்.

"செல்லைக் கழற்றினால் புரோகிராம் அழிந்துவிடும்" என்ற பயம் பலருக்கு. சாவியின் அடையாள எண்ணும் கணக்கும் மின்சாரம் இல்லாமலே தாங்கும் நினைவகத்தில் இருக்கின்றன. பொதுவாக ஒன்றும் ஆகாது.

படி 3: கணக்கு தவறிய சாவி

ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்புவதில்லை. அனுப்பினால் யாராவது பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடலாமே. அதனால் சாவியும் காரும் ஒரே கண்டக்டர் டிக்கெட் கட்டின் இரண்டு நகல்களை வைத்திருப்பதுபோல வரிசையாக எண்களை நகர்த்திக்கொண்டே போகின்றன. கிழித்த டிக்கெட் செல்லாது, இனி வருவதுதான் செல்லும். தென்னாப்பிரிக்காவில் 1980-களில் உருவாகி 1995-ல் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்த கீலாக் முறை இதற்குப் பேர்போனது.

வீட்டில் குழந்தை சாவியை வைத்து விளையாடினால் சாவி முன்னால் போய்விடும், கார் பின்தங்கும். கீலாக் வகையில் அடுத்த 16 எண்களுக்குள் இருந்தால் ஒரே அழுத்தில் கார் ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டியிருந்தாலும் சுமார் 32,000 எண்கள் வரை, அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் கார் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். அதனால்தான் "முதல் அழுத்தில் திறக்கவில்லை, இரண்டாவதில் திறந்தது" என்கிறார்கள். காரின் பக்கத்தில் நின்று நிதானமாக நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். சில கார்களில் சாவியைப் போட்டு இக்னிஷனை ஆன் செய்து, லாக் பட்டனைச் சில நொடிகள் பிடித்திருக்கச் சொல்லி மேனுவலிலேயே எழுதியிருக்கும். இதை ரீபுரோகிராமிங் என்று சொல்லிக் காசு வாங்கினால் கொடுக்காதீர்கள்.

படி 4: போர்டைத் திறந்து பார்ப்பது

இங்கேதான் நிறைய சாவிகள் பிழைக்கின்றன. ஒரே விதியை நினைவில் வையுங்கள்: லாக் பட்டன் வேலை செய்து, அன்லாக் மட்டும் செய்யவில்லை என்றால் அது புரோகிராமிங் கோளாறாக இருக்கவே முடியாது. கார் அந்தச் சாவியை அடையாளம் தெரிந்துதானே லாக் ஆகிறது? செத்தது அந்த ஒரு பட்டனின் சுவிட்ச்.

ரப்பர் பட்டனைத் தூக்கினால் அடியில் போர்டின் மேல் கடுகை விடக் கொஞ்சம் பெரிய, நடுவில் குமிழ் வைத்த சதுரச் சுவிட்சுகள் இருக்கும். கடைகளில் மைக்ரோ சுவிட்ச் என்பார்கள். நகத்தால் அழுத்தினால் "டிக்" என்று கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் அமுங்கினால் உள்ளே இருக்கும் தகடு தளர்ந்துவிட்டது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, சுவிட்சின் எதிரெதிர் மூலைக் கால்களைத் தொட்டு, அழுத்தும்போது பீப் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் சுவிட்சை மாற்ற வேண்டும். அதே அளவு, அதே உயரம் இருக்க வேண்டும். உயரம் கூடினால் மூடியதும் பட்டன் எப்போதும் அமுங்கியே இருந்து செல்லைத் தின்றுவிடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இவை சில ரூபாய்க்குக் கிடைக்கும். சோல்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் செல்போன் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். சாவிக்கடைக்காரரைவிட அவருடைய கை இந்த அளவு வேலைக்குப் பழகியது.

சாவியை இறுக்கிப் பிடித்து அழுத்தினால் மட்டும் வேலை செய்கிறதா? செல் ஹோல்டரின் கால் போர்டைத் தொடும் இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சோல்டர் புள்ளியைச் சுற்றி தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் அதுதான் விரிசல். கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, சூட்டைக் காட்டி, புது ஈயம் ஒரு சொட்டு வைத்தால் போதும்.

கீழே விழுந்த பிறகு தூரம் குறைந்துவிட்டது, பக்கத்தில் போனால்தான் திறக்கிறது, அல்லது அடியோடு இல்லை என்றால் அலையின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலோ அதன் சோல்டரோ உடைந்திருக்கலாம். அதற்கும் அதே செல்போன் சர்வீஸ் மேசைதான்.

வாஷிங் மெஷினில் போன சாவியா? முதல் வேலையாக செல்லைக் கழற்றுங்கள். தண்ணீரைவிட, தண்ணீரில் மின்சாரம் ஓடுவதால் வரும் அரிப்புதான் ஆபத்து. அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம், மாவுதான் ஒட்டும். ஐபிஏ, அதாவது ஐசோபுரோபைல் ஆல்கஹால் திரவத்தை (சர்வீஸ் கடைகளில் இந்தப் பெயரிலேயே கிடைக்கும்) பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு போர்டை மெல்லத் தேயுங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் அது போகும்வரை. நன்றாகக் காய்ந்த பிறகு புது செல் போடுங்கள்.

வெளி ஓடு உடைந்துவிட்டால் புது ஷெல் வாங்கி மாற்றுவது எளிது, ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல சாவிகளில் இம்மொபிலைசர் சிப் போர்டில் ஒட்டியிருக்காது. ஓட்டின் ஒரு மூலைப் பொந்தில், கறுப்பாக ஒரு சின்ன ஆப்பு போலவோ, கண்ணாடியாலான நெல்மணி அளவுக்கோ தனியாகச் செருகியிருக்கும். பழைய ஓட்டைக் குப்பையில் போடும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். பிறகு கதவு திறக்கும், வண்டி எடுக்காது. மாற்றும்போது பழைய ஓட்டின் எல்லா மூலைகளையும் வெளிச்சத்தில் பார்த்து, அந்தச் சிப்பை அதே இடத்துக்கு மாற்றுங்கள். சிப் போர்டிலேயே இருக்கும் மாடல்களும் உண்டு. அதில் இந்தத் தொல்லை இல்லை.

படி 5: நிஜமாகவே புரோகிராமிங் தேவைப்படும்போது

மேலே சொன்னதெல்லாம் பார்த்தாகிவிட்டது, போர்டு தேறவில்லை, அல்லது சாவியே தொலைந்துவிட்டது. இப்போதுதான் புரோகிராமிங். பெயர் எப்படி இருந்தாலும் முக்கியமாக நடப்பது காருக்குள்தான்: "இந்தச் சாவி நம்ம வீட்டுச் சாவி" என்று காரின் நினைவகத்தில் பதிவது.

யூடியூபில் "சாவியை இத்தனை முறை திருப்புங்கள்" என்று வரும் வித்தைகள் பொய்யில்லை, ஆனால் உங்கள் காருக்கு இல்லை. அமெரிக்காவின் பழைய ஃபோர்டுகளில் 10 நொடிக்குள் 8 முறை சாவியை ஆஃபிலிருந்து ஆனுக்குத் திருப்பினால் கதவுகள் ஒருமுறை பூட்டித் திறந்து தயார் என்று சொல்லும். பிறகு ஒவ்வொரு ரிமோட்டிலும் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ஐரோப்பாவின் பழைய ஃபோகஸ், ஃபியஸ்டாவில் 6 நொடிக்குள் 4 முறை. இவை பதிவது ரிமோட்டை மட்டும்தான், இம்மொபிலைசர் சிப்பை இல்லை. அப்புறம், இந்த முறையில் அந்த நேரத்தில் கையில் இல்லாத ரிமோட்டுகளை கார் மறந்துவிடக்கூடும். முயற்சி செய்வதென்றால் வீட்டிலிருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நம் ஊரில் ஓடும் இன்றைய கார்களில் பெரும்பாலும் ஸ்கேனர் வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினியோடு பேசும் வாசல்) கருவியைச் செருகி, காரின் ரகசிய எண்ணை (PIN) கொடுத்து, பழைய சாவிகளை அழித்து, இருப்பவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். வேலை நடக்கும்போது கார் பேட்டரி இறங்கினால் பாதியில் நின்று, உள்ள சாவியும் ஓடாத நிலை வரலாம். பேட்டரி பலவீனமாக இருந்தால் சார்ஜர் மாட்டச் சொல்லுங்கள்.

இணையத்தில் சாவி வாங்கினால் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே உருவத்தில் 315 மெகாஹெர்ட்ஸும் வரும், 433-ம் வரும். 315 அமெரிக்க, ஜப்பான் சந்தைக்கானது. சிப் வகையும் பொருந்த வேண்டும். வேறு காரில் ஓடிய பழைய ஸ்மார்ட் கீ மலிவாகக் கிடைக்கும், ஆனால் பல சிப்கள் முதலில் பதிந்த காரோடு பூட்டிக்கொள்ளும். அவற்றை விடுவிக்கக் கருவி வைத்திருப்பவர் என்றால் சரி, இல்லையென்றால் தண்டம்.

வெளிக்கடையில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: குளோன் செய்கிறீர்களா, காரில் சேர்க்கிறீர்களா? குளோன் என்றால் இருக்கும் சாவியின் சிப்பை அப்படியே நகல் எடுப்பது. காருக்கு இரண்டும் ஒரே சாவி. கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் அது போதும். ஆனால் சாவி தொலைந்தோ திருடுபோயோ இருந்தால் குளோன் தவறான வழி. தொலைந்த சாவி இன்னும் உங்கள் காரை ஸ்டார்ட் செய்யும். அப்போது பழையதைக் காரின் நினைவகத்திலிருந்து அழித்தே ஆக வேண்டும். அப்படியும் இரும்புச் சாவி கதவைத் திறக்கும் என்பதால் லாக் செட்டையும் மாற்றுவதா என்று யோசியுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆர்.சி., அடையாள அட்டை நகல் கேட்பார்கள், சாவி வந்துசேர நாள் ஆகலாம். தொலைந்ததென்றால் போலீஸ் புகார் நகலும் தேவைப்படலாம். கார் இன்சூரன்சில் சாவி மாற்றுவதற்கான ஆட்-ஆன் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியை ஒருமுறை பாருங்கள். பலர் அதற்குப் பிரீமியம் கட்டிவிட்டு, கைக்காசைச் செலவழிக்கிறார்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன்

புதுச் சாவியால் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள், உடனே அணைத்து மறுபடியும். லாக், அன்லாக், டிக்கி என்று ஒவ்வொரு பட்டனையும் பத்தடி தள்ளி நின்று அழுத்துங்கள். அதன் இரும்புச் சாவியைக் கதவில் போட்டுத் திருப்பிப் பாருங்கள், வெட்டாத சாவியைக் கொடுத்தனுப்புவதும் நடக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சாவி இன்னும் வேலை செய்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள். ஸ்கேனர் திரையில் பதிவான சாவிகளின் எண்ணிக்கை காட்டும். உங்கள் கையில் இருப்பதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். செத்த சாவியையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்கள் வாங்கும்போது வந்த இரண்டு சாவிகளையும் கேட்பார்கள், உடைந்ததாக இருந்தாலும் அது கையில் இருக்க வேண்டும்.